நண்பகலில் நடை சாத்தும் ஊர்: கப்பல் ஏறும் நாளில் ஜெனோவாவில் நான் பட்ட பாடு

சென்ற அக்டோபரில், மேற்கு மத்தியதரைக் கடலில் 7 இரவுகள் சுற்றிவரும் ஒரு பயணக் கப்பலில் ஏறுவதற்காக இத்தாலியின் ஜெனோவா நகரத்துக்குத் தனியாகப் போனேன். கப்பல் மாலை 6 மணிக்குப் புறப்படுவதாக இருந்தது. காலையிலிருந்து அதுவரை கையில் இருந்த பொழுதில் அந்தப் பழைய துறைமுக நகரத்தை நடந்தே பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு எங்கெங்கே பிழைத்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கப்பலுக்குள் எந்த அறை நல்லது, எத்தனை வேளை சாப்பாடு என்பதையெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். கப்பல் ஏறுவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் தனியாகப் போகிறவர் எப்படித் தடுமாற நேரிடும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏறக்குறைய 30,000 ரூபாயும், என் வலது முழங்காலும், மார்செய், பார்சிலோனா என்ற இரண்டு ஊர்களும் எனக்கு மிஞ்சியிருக்கும்.

நான் தூத்துக்குடிக்காரி, பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். என் கணவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. மணப்பாட்டுக் கரையில் நின்று அலையைப் பார்த்தாலே தலைசுற்றுகிறது என்பவர் அவர். அதனால் என் தங்கையும் நானும் போவதாக ஏற்பாடு செய்திருந்தோம். தங்கையின் விசா உரிய நாளுக்குள் வரவில்லை. கட்டிய பணம் திரும்பாது என்பதால் நான் மட்டும் புறப்பட்டேன். எத்தனையோ துறைமுகங்களிலிருந்து இத்தகைய கப்பல்கள் கிளம்பும்போது நான் ஜெனோவாவைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வெனிசுக்காரரான மார்க்கோ போலோ, ஜெனோவாவுடன் நடந்த கடற்போரில் பிடிபட்டு, 1298இல் இந்த நகரத்துச் சிறையில் இருந்தபோதுதான் தம் பயணங்களைப் பீசா நகரத்து ருஸ்திகெல்லோ என்ற சக கைதியிடம் சொல்லி எழுதவைத்தார். அந்த நூலில் ‘காயில்’ என்று வரும் துறைமுகம் தாமிரபரணி கடலில் கலக்குமிடத்தை ஒட்டிய பழையகாயல் என்று கால்டுவெல் முதலானோர் அடையாளம் கண்டனர். ஏடனிலிருந்தும் ஓர்முசிலிருந்தும் குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கள் அங்கே தங்கும் என்றும், அவ்வூர் மக்கள் ஓயாமல் வெற்றிலை மெல்லுவார்கள் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் அரை மணித் தொலைவில் இருக்கும் ஓர் ஊரைப் பற்றி ஒரு கைதி வாய்விட்டுச் சொன்ன இடம் எது என்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. துறைமுகத்தின் எதிரே நிற்கும் பலாட்சோ சான் ஜோர்ஜோ என்ற, 1260இல் கட்டப்பட்ட அரண்மனைதான் அந்தச் சிறை என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அதைப் பார்ப்பதற்காகவே ஜெனோவா. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு என்றுதான் ஊரிலிருந்து கிளம்பும்போது நினைத்திருந்தேன்.

கப்பல் புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, மிலானிலிருந்து ரயிலில் வந்து பியாட்சா பிரின்சிபே நிலையத்தில் இறங்கினேன். ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்ததை மட்டும் சரியாகச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தங்கள் அடிக்கடி நடக்கும், கப்பலோ யாருக்காகவும் காத்திராது. நிலையத்துக்கு அருகே ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் அறை எடுத்திருந்தேன். அங்கே வரவேற்பறையும் இல்லை, பணியாளரும் இல்லை. கதவுக்கான எண்ணைக் கைப்பேசியில் அனுப்பிவைப்பார்கள், நாமே அழுத்தித் திறந்துகொள்ள வேண்டும். காலை 10 மணிக்கு அறையைக் காலிசெய்ய வேண்டும் என்பது விதி. பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்டதற்கு, பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் நாளுக்கு 8 யூரோ வாங்கிக்கொண்டு பெட்டிகளைப் பார்த்துக்கொள்வார்கள் என்று உரிமையாளர் முகவரியை அனுப்பினார். எண் 24, அதன் பின்னால் ‘ஆர்’ என்ற ஒரு சிறிய எழுத்து. அந்த எழுத்தை நான் பொருட்படுத்தவில்லை. அவர் அனுப்பிய வரைபடத்தின் புள்ளியைத் தொடர்ந்து போனபோது கடை எதிரிலேயே தென்பட்டதால், கதவிலக்கத்தையோ கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பையோ நிமிர்ந்து பார்க்காமல், 10 மணி 10 நிமிடத்துக்குப் பெட்டியைக் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு வெளியேறினேன்.

இங்கேதான் என் மிகப் பெரிய தவறு நடந்தது. பழைய துறைமுகச் சந்துகளில் பிக்பாக்கெட் அதிகம் என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்ததால், பாஸ்போர்ட்டையும், கப்பலுக்கான அனுமதிச் சீட்டையும், இரத்த அழுத்த மாத்திரைகளையும் பெட்டியின் உள்பையில் வைத்துப் பூட்டிவிட்டு, பாஸ்போர்ட்டின் நகலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டேன். பத்திரமாக வைத்ததாக அப்போது எனக்குள் ஒரு பெருமிதம்கூட இருந்தது. உண்மையில், முன்பின் தெரியாத ஒருவரின் கடைக்குள் என் பயணம் முழுவதையும் வைத்துப் பூட்டிவிட்டேன். கப்பல் ஏறும் நாளில் பாஸ்போர்ட், பயணச் சீட்டு, மருந்து, கொஞ்சம் பணம் ஆகிய நான்கும் உடம்போடு இருக்க வேண்டும். எங்கள் அம்மா இடுப்பில் செருகிக்கொள்ளும் சுருக்குப்பையைப் போன்ற ஒன்றை உள்ளாடைக்கு மேலே கட்டிக்கொண்டால் போதும். எந்தச் சந்திலும் யாரும் அதைத் தொட முடியாது. துறைமுக வாசலில் பெரிய பெட்டியைச் சுமைக்காரர்களிடம் ஒப்படைக்கும்போதும் இதே விதிதான். அங்கே கொடுக்கும் பெட்டி இரவுதான் அறை வாசலுக்கு வந்து சேரும், ஆனால் பாஸ்போர்ட்டை உள்ளே நுழையும்போதே கேட்பார்கள்.

வியா தி ப்ரே என்ற தெருவில் நடக்கத் தொடங்கினேன். ஜெனோவாவின் பழநகரம் ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் பெரிய இடைக்கால நகரப் பகுதிகளில் ஒன்று. இரண்டு கைகளையும் விரித்தால் இரு சுவர்களையும் தொடக்கூடிய சந்துகளை அங்கே ‘கருஜ்ஜி’ என்கிறார்கள். இருபுறமும் ஆறு ஏழு மாடி உயரத்துக்கு வீடுகள் நெருங்கி நிற்பதால் நண்பகலிலும் தரையில் வெயில் விழுவதில்லை; தலைக்கு மேலே வானம் ஒரு வேட்டிக்கரை அகலத்துக்குத்தான் தெரிகிறது. சந்து முனைகளில் சுவரில் மாடம் அமைத்து மாதா சிலைகளை வைத்திருக்கிறார்கள். தெருக்குத்துக்கு நாம் பிள்ளையார் வைப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அந்நியமாகவே படவில்லை. ஆனால் இந்த அழகுக்கு ஒரு விலை உண்டு. உயரமான சுவர்களுக்கு நடுவே கைப்பேசியின் வழிகாட்டி குழம்பிவிடுகிறது. நான் நிற்கும் சந்துக்குப் பதிலாக அடுத்த சந்தில் என்னை நிறுத்திக் காட்டியது, திரும்பச் சொன்ன இடத்தில் சுவர் இருந்தது. 10 நிமிட நடையில் மூன்று முறை வழி தவறினேன். வழிகாட்டியை நம்பாமல், ‘கடல் எந்தப் பக்கம், மலை எந்தப் பக்கம்’ என்று சாய்வைக் கவனித்து நடப்பதே அந்த ஊரில் சரியான முறை. தரை இறங்கினால் கடல், ஏறினால் மலை. இரண்டுக்கும் நடுவில் ஊர்.

தனியாகப் போகும் பெண்கள் கேட்கக்கூடிய கேள்விக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்கிறேன். பாலியல் தொழில் செய்யும் பெண்கள் பகலிலேயே வாசல்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் சந்துகள் அங்கே உண்டு. முதலில் எனக்குக் கை கால் நடுங்கியது உண்மை. ஆனால் அங்கே யாரும் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும், நான் வழி தவறி இரண்டாம் முறை அதே வழியாக வந்தபோது, கேட்காமலேயே பெரிய தெரு இருக்கும் பக்கம் கையைக் காட்டினாள். இருட்டிய பின் அந்தப் பக்கம் போகமாட்டேன், பகலில் போவதற்கு அஞ்சமாட்டேன்.

பழைய நகர வாயிலான போர்த்தா தேய் வாக்காவைக் கடந்து, வியா தெல் காம்போ, வியா சான் லூக்கா என்று ஒன்றோடொன்று தொடரும் தெருக்களில் நடந்து பியாட்சா பாங்கிக்கு வந்தேன். பணம் மாற்றுவோர் பலகை போட்டு உட்கார்ந்திருந்த இடம் அது. பெயரே அந்தப் பலகைகளால் வந்தது. அங்குள்ள தேவாலயத்தை, கீழே கடைகளைக் கட்டி விற்று, அந்தப் பணத்தில் மேலே எழுப்பியிருக்கிறார்கள். வணிகர்கள் ஆண்ட ஊர் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த முக்கில் கடல் பக்கமாக 100 தப்படி நடந்திருந்தால் நான் தேடி வந்த சான் ஜோர்ஜோ அரண்மனை வந்திருக்கும். நான் நடக்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு கப்பலுக்குப் போகும் வழியில் கடற்கரையோரமாக வந்து, கடைசியாக நிதானமாகப் பார்க்கலாம் என்று ஒதுக்கிவைத்தேன். பாயசத்தைக் கடைசியில் சாப்பிடுகிற பழக்கம் எனக்குச் சிறுவயது முதல் உண்டு. கப்பல் ஏறும் நாளில் அந்தப் பழக்கம் உதவாது. எதற்காக ஊருக்கு வந்தோமோ அதை முதல் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும்.

சான் லொரென்ஸோ பேராலயத்தின் முகப்பு கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டது. நம் கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் அடித்திருப்பதைப் போலத் தூரத்திலிருந்து தோன்றினாலும், அருகில் போனால் அது சுண்ணாம்பு இல்லை, கல்லையே மாற்றி மாற்றி அடுக்கியது என்று தெரிகிறது. உள்ளே வலப்பக்க நடையில் ஒரு பீரங்கிக் குண்டை நிறுத்திவைத்திருக்கிறார்கள். 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் கடற்படை ஜெனோவாவைத் தாக்கியபோது கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்து, வெடிக்காமல் கிடந்த குண்டு அது. 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னையைச் சுட்டதை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அங்கே எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, நமக்கு ‘எம்டன்’ என்ற சொல் மிஞ்சியது. இவர்களுக்குக் குண்டே மிஞ்சியிருக்கிறது. அதன் முன்னால் நான் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டேன். வெளியே அனுப்புவதற்காகப் பணியாளர் ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நண்பகலில் ஆலயத்தை மூடிப் பிற்பகல் 3 மணிக்குத்தான் திறப்பார்களாம். ‘நம் ஊர் மாதிரியே நடை சாத்துகிறார்கள்’ என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆலயம் நடை சாத்தும் ஊரில் கடையும் நடை சாத்தும் என்பது அந்த நிமிடத்தில் எனக்கு உறைத்திருந்தால், ஓட்டமும் நடையுமாகப் போயாவது பெட்டியை மீட்டிருப்பேன்.

அதற்கு மாறாக மேட்டை நோக்கி நடந்தேன். வியா கரிபால்டி என்ற அரண்மனைத் தெரு, 16ஆம் நூற்றாண்டில் பெருவணிகக் குடும்பங்கள் வரிசையாக மாளிகை கட்டிக்கொண்ட இடம். அரசு விருந்தினர் யாராவது ஊருக்கு வந்தால் எந்த மாளிகையில் தங்கவைப்பது என்பதற்கு அன்றைய ஜெனோவா குடியரசு ஒரு பட்டியல் வைத்திருந்தது. அந்தப் பட்டியல்களின் பெயரால் இவற்றை ரோலி மாளிகைகள் என்கிறார்கள். 2006இல் யுனெஸ்கோ இவற்றில் 42 மாளிகைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. உள்முற்றங்களை வாசலில் நின்றே பார்க்க முடிந்தது. அங்கிருந்து நிமிர்ந்தால் காஸ்டெல்லெத்தோ என்ற மேட்டிலிருந்து நகரமும் துறைமுகமும் முழுவதும் தெரியும் என்று படித்திருந்தேன். வரைபடத்தில் பார்த்தால் விரற்கடைத் தூரம். அந்த விரற்கடை முழுவதும் படிக்கட்டு என்பது ஏறத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. தேய்ந்து வழுவழுப்பான கல்லும் செங்கல்லும் பதித்த செங்குத்தான படிகள். பிடித்துக்கொள்ளக் கம்பி பாதி இடங்களில் இல்லை. மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தபோது, எனக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடி மண்டபம் போன்ற ஒன்றிலிருந்து, கையில் காய்கறிப் பையோடு என்னைவிட மூத்த பெண்கள் இருவர் வியர்வைத் துளி இல்லாமல் வெளியே வந்தார்கள். அது மின்தூக்கி. கீழே பியாட்சா போர்த்தெல்லோவில் ஒரு சுரங்கவழிக்குள் அதன் வாசல் இருக்கிறது. நூறாண்டுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெனோவா கடலுக்கும் மலைக்கும் இடையில் நசுங்கி மேல்நோக்கி வளர்ந்த ஊர் என்பதால், மின்தூக்கிகளும் மலை ரயில்களும் அங்கே நகரப் பேருந்தைப் போலச் சாதாரணம். அதை அறியாமல் ஏறிய நான், அறிந்த பிறகும் வீம்பாகப் படியிலேயே இறங்கினேன். பாதியில் வலது முழங்காலில் சுரீர் என்று ஒரு பிடிப்பு விழுந்தது. ஏறுவது மூச்சைத்தான் கேட்கும், இறங்குவது மூட்டைக் கேட்கும் என்பதை ஐம்பது வயதைக் கடந்தவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நிறைவான சாப்பாடு ஃபரினாத்தா. கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து, ஆள் அகலத் தாம்பாளத்தில் மெல்லியதாக ஊற்றி விறகடுப்பில் சுடுகிறார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே குழைவு. சைவம் சாப்பிடுபவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். பெஸ்தோ என்ற பச்சைத் துளசி விழுதில் பாலாடைக்கட்டி கலந்திருக்கும், இதில் எதுவும் இல்லை. இன்னொரு சிறு உபாயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழநகரத்தில் பொதுக் கழிப்பறையைத் தேடி அலைவதைவிட, ஏதாவது ஒரு காப்பிக் கடையில் நின்றபடியே ஒரு காப்பி குடித்துவிட்டு அவர்களுடையதைக் கேட்பது எளிது. எனக்கு ஒரு யூரோவும் கொஞ்சம் சில்லறையும் ஆயிற்று.

நொண்டிக்கொண்டே பெட்டிக் கடைத் தெருவுக்கு வந்தபோது மணி 1 ஐத் தாண்டியிருந்தது. கப்பல் நிறுவனம் எனக்குக் கொடுத்திருந்த நேரம் 2 மணி. வாசல் மூடப்படுவது 4.30க்கு. இம்முறை வேறு முனையிலிருந்து தெருவுக்குள் நுழைந்ததால் கடையை அடையாளம் தெரியவில்லை. 24ஆம் எண்ணைத் தேடி நின்றேன். அது ஒரு வீட்டு வாசல். அழைப்பு மணிகள் மட்டும் வரிசையாக இருந்தன, கடை இருந்த சுவடே இல்லை. பெட்டியோடு ஏமாற்றிவிட்டார்களோ என்று எனக்கு வயிறு கலங்கியது. மேலும் கீழும் இருமுறை நடந்தேன். அந்த வாசலிலிருந்து வெளியே வந்த முதிய பெண்மணி ஒருவரிடம் சீட்டைக் காட்டினேன். அவர் எண்ணுக்குப் பின்னால் இருந்த ‘ஆர்’ எழுத்தை நகத்தால் கீறிக் காட்டி, “ரோஸ்ஸோ, ரோஸ்ஸோ” என்றார். நான் விழிப்பதைப் பார்த்து, என் நெற்றிக் குங்குமத்தை நோக்கி விரலை நீட்டி மறுபடியும் “ரோஸ்ஸோ” என்றார். சிவப்பு! ஜெனோவாவில் ஒரே தெருவுக்கு இரண்டு இலக்க வரிசைகள் உண்டு. வீடுகளுக்குக் கறுப்பு எண், கடைகளுக்குச் சிவப்பு எண். இரண்டும் தனித்தனியே ஓடும். கறுப்பு 24 ஒரு முனையில் இருந்தால் சிவப்பு 24 வேறெங்கோ இருக்கலாம். முகவரியில் எண்ணை ஒட்டி ‘ஆர்’ இருந்தால் அது சிவப்பு எண், அதாவது கடை. இந்த ஒரு விவரத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

சிவப்பு 24ஐக் கண்டுபிடித்தபோது அதன் இரும்புக் கதவு இறக்கிப் பூட்டப்பட்டிருந்தது. காலையில் நான் நிமிர்ந்து பார்க்காத அறிவிப்பு இப்போது தெளிவாகத் தெரிந்தது: 12.30 முதல் 15.30 வரை மூடப்படும். சீட்டில் இருந்த தொலைபேசி எண்ணை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. நான் பிறந்து வளர்ந்த ஊரிலும் பழைய கடைகளை மதியம் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவார்கள். அதனால் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் என் மேல்தான். பாஸ்போர்ட் மட்டும் கையில் இருந்திருந்தால், துறைமுகத்துக்குப் போய் என் வரவைப் பதிவு செய்துவிட்டு, பெட்டிக்கு ஏதாவது வழி கேட்டிருக்கலாம். ஒன்றும் இல்லாமல் போய் யாரிடம் என்ன சொல்வது? எதிரே இருந்த கல் படியில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் அழுகை வந்தது. அந்நிய ஊரில், யாருக்கும் நம் பெயர் தெரியாத தெருவில் அழுவதில் ஒரு வசதி இருக்கிறது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. கைப்பேசியில் மின்சாரம் 9 சதவீதமாகக் குறைந்திருந்தது. பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த வங்கதேச இளைஞர் ஒருவர், என்னைச் சற்று நேரம் கவனித்துவிட்டு, “ஆன்ட்டி, உள்ளே வந்து உட்காருங்கள்” என்று ஆங்கிலத்தில் அழைத்து, கைப்பேசிக்கு மின்சாரமும் எனக்குத் தண்ணீரும் கொடுத்தார். அவரிடம் 2 யூரோவுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்கினேன். அதற்குமேல் அவர் எதுவும் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். அந்த இரண்டு மணி நேரத்தில் முழங்கால் பொரித்த அப்பளம் போல உப்பியது.

கடை திறந்தபோது மணி 3.50. பெட்டியைக் கையில் வாங்கியதும் முதலில் பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்தேன், பிறகு இழுத்துக்கொண்டு இறங்கினேன். கருங்கல் பாவிய தெருவில் 50 தப்படி போவதற்குள் பெட்டியின் ஒரு சக்கரம் கழன்று உருண்டது. ஊர் எல்லையில் உயர்ந்து நிற்கும் சாலைப் பாலமும், வேலிகளும், கட்டடங்களும் துறைமுகத்தை மறைத்தன. அவற்றுக்கு இடையே வெள்ளைக் கப்பல்களின் மேல்தளங்கள் தெரிந்தனவே தவிர எது என் கப்பல் என்று புரியவில்லை. கப்பல் படம் போட்ட ஒரு வழிகாட்டிப் பலகையைக் கண்டு, அது காட்டிய மேற்குத் திசையில், ஒரு சக்கரம் இல்லாத பெட்டியைத் தேய்த்துக்கொண்டு போனேன். 15 நிமிட நடைக்குப் பிறகு நான் வந்து சேர்ந்த இடத்தில் கார்கள் வரிசை வரிசையாக நின்றன. சார்டினியா, கார்சிகா, சிசிலி, துனிஸ் ஆகிய இடங்களுக்குக் கார்களோடு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஃபெரி கப்பல்களின் முனையம் அது. ‘திராகெத்தி’ என்று எழுதியிருந்தால் ஃபெரி. பயணக் கப்பல்களுக்கு உரியது ஸ்தாசியோனே மாரித்திமா என்ற பழைய கடல் நிலையம்; போந்தே தேய் மில்லே என்ற துறைமேடை அதனுடையது. பிரின்சிபே ரயில் நிலையத்திலிருந்து அது 10 நிமிட நடைக்குள் இருக்கிறது! அதாவது நான் இரவு தூங்கிய அறைக்குக் கீழேயே என் கப்பல் வந்து நின்றிருக்கிறது. ஒரு டாக்சிக்காரர் 15 யூரோ கேட்டார். வாய் பேசாமல் ஏறினேன். எந்தத் துறைமுக நகரமாக இருந்தாலும், உங்கள் கப்பலின் முனையம், துறைமேடை இரண்டின் பெயரையும் உள்ளூர் மொழியில் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலையே ஒருமுறை அந்த வாசல்வரை வெறுங்கையோடு நடந்து பார்த்துவிடுங்கள். ‘துறைமுகம்’ என்று மட்டும் சொல்வது, தூத்துக்குடியில் இறங்கி ‘உப்பளம்’ என்று வழி கேட்பதைப் போன்றது.

4.22க்கு வாசலில் நுழைந்தேன். மேசைகளைத் துடைத்துக் கணினியை அணைத்துக்கொண்டிருந்த பெண், என் கோலத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் கணினியைத் திறந்தார். பெட்டி ஒப்படைக்கும் இடம் மூடிவிட்டதால் அதையும் நானே இழுத்துக்கொண்டு ஏறினேன். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவள், கப்பல் நகர்ந்ததையே அறியவில்லை. எழுந்து வெளியே பார்த்தபோது லந்தேர்னா கலங்கரை விளக்கம் எங்களுக்குப் பின்னால் சுழன்றுகொண்டிருந்தது. 1543இல் இன்றைய உருவத்தில் எழுப்பப்பட்ட அதை அருகில் போய்ப் பார்க்கவும் பட்டியலில் இடம் வைத்திருந்தேன்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். கப்பல் மருத்துவருக்கும், முழங்கால் உறைக்கும், மாத்திரைக்குமாக 118 யூரோ. அடுத்த இரண்டு நாள் கால் ஊன்ற முடியாததால் விட்டுப்போன மார்செய், பார்சிலோனா சுற்றுலாக்களுக்கு முன்பே கட்டியிருந்த 123 யூரோ. கடைசி நேரத்தில் வராதவர்களுக்குப் பணம் திரும்பாது. நேப்பிள்ஸில் வாங்கிய புதுப் பெட்டி 70 யூரோ. டாக்சி 15. ஆக 326 யூரோ. பயணக் காப்பீடு இருந்தது. ஆனால் என் பாலிசியில் மருத்துவச் செலவின் முதல் 100 டாலரை நாமே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்ததால், விண்ணப்பம் எழுதி ரசீது அனுப்பிக் கைக்கு வந்தது மிகச் சொற்பம். காப்பீடு வாங்கும்போது எவ்வளவு தொகைக்கு என்று மட்டும் பார்க்காமல், எவ்வளவுக்கு மேல் கொடுப்பார்கள் என்பதையும் கேளுங்கள். விசாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் என்ற ஐரோப்பிய நாடுகளுக்குள்ளேயே என் கப்பல் சுற்றியதால் பிழைத்தேன். நடுவில் துனிசியா போன்ற ஒரு நாட்டைத் தொட்டுவரும் கப்பலானால், ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவோடு போனால் திரும்ப நுழைய முடியாது. பலமுறை நுழையும் விசாதான் வேண்டும்.

இப்போது அந்த நாளை மறுபடியும் கொடுத்தால் நான் செய்யக்கூடியது மிக எளிது. பெட்டிகளைக் கப்பல் முனையத்தில் எப்போதிலிருந்து வாங்கிக்கொள்வார்கள் என்று நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு, முதல் வேலையாகப் பெட்டியை அங்கே ஒப்படைத்துவிடுவேன். பலரும் நண்பகலில் அப்படித்தான் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு ஊருக்குள் திரும்பி, வாசல் மூடுவதற்கு முன் வந்து ஏறினார்கள் என்பதை இரவுச் சாப்பாட்டு மேசையில்தான் தெரிந்துகொண்டேன். நடைக்கு முதல் நாள் மாலையையும், கப்பல் நாளின் காலையில் 2 மணி நேரத்தையும் ஒதுக்குவேன். நீங்கள் இருவராகப் போனால் ஒருவர் பெட்டியோடு நிற்க, மற்றவர் கதவிலக்கம் தேடலாம். தனியாகப் போகிறவருக்குப் பெட்டியும் அவரே, தேடுபவரும் அவரே.

எட்டாம் நாள் காலை கப்பல் ஜெனோவாவுக்கே திரும்பியது. எனக்குப் பிற்பகலில்தான் மிலான் ரயில். இம்முறை எங்கும் நடக்கவில்லை. பிரின்சிபேயில் மெட்ரோ ஏறி, இரண்டாவது நிறுத்தமான சான் ஜோர்ஜோவில் இறங்கி, புதுப் பெட்டியைக் காலோடு சேர்த்துவைத்துக்கொண்டு அரண்மனைக்கு எதிரே ஒரு பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். கடல் பக்கச் சுவர் முழுவதும் ஓவியம். நடுவில் குதிரைமேல் புனித ஜார்ஜ். ஒருகாலத்தில் அந்தச் சுவர்வரை தண்ணீர் இருந்ததாம். இப்போது அங்கே துறைமுக நிர்வாக அலுவலகம் நடக்கிறது. கோப்புகளோடு ஆட்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். காயல் மக்கள் வெற்றிலை மெல்லுவதை இந்தச் சுவருக்குள் உட்கார்ந்துதான் அந்த மனிதர் சொன்னாரா என்பதற்குச் சாட்சி யாரும் இல்லை. ஆனாலும் தங்கையை வீடியோவில் அழைத்து, “இதுதான்டி” என்று காட்டினேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, “எல்லாம் சரி அக்கா, இவ்வளவு அழகான அரண்மனைக்கு நேர் முன்னால எந்தப் புண்ணியவான் மேம்பாலம் கட்டினான்?” என்றாள். 1965இல் கட்டியது என்று வரலாற்று ஆசிரியையாக ஆண்டை மட்டும் சொல்லிவைத்தேன்.